கையிருப்பு குறையாமல் பார்த்துக்கொள்பவர்

கையிருப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். எந்தக் கம்பெனியிலும் இரண்டாவது மாடியில், ஜன்னலிலிருந்து தள்ளிப் போடப்பட்ட மேசையில் கிடைப்பார். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் காற்றில் காகிதம் பறக்கும், பறந்தால் தொலையும், தொலைந்தால் யார் பொறுப்பு? மேசைமேல் இரண்டு கால்குலேட்டர்கள் இருக்கும். ஒன்று கணக்குப் போட. மற்றொன்று, முதலாவது கெட்டுப்போனால் எடுத்துக்கொள்ள. இரண்டாவதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் பளபளக்கும். முதலாவது கெட்டுப்போன அன்று அவர் பக்கத்து மேசையில் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டார்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். கஞ்சன் வேறு ரகம், அவனுக்குப் பணத்தின்மேல் ஆசை. கையிருப்பாளருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நின்றால் உங்களுக்கும் சேர்த்து டீ சொல்வார், வீட்டில் விசேஷம் என்றால் மறக்காமல் கவர் கொடுப்பார், எல்லாருடைய சம்பளத்தையும் ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு கவலைதான்: ஏதாவது ஆகிவிட்டால்? அந்த ‘ஏதாவது’ வரும் நாளுக்காகப் பணத்தை எடுத்து வைப்பார். நல்ல பழக்கம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ‘ஏதாவது’ நிஜமாகவே வந்து வாசலில் நிற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

எங்கள் கம்பெனிக் கையிருப்பாளரோடு ஒருநாள் காரில் போய்க்கொண்டிருந்தேன். டயர் பஞ்சர். பின்னால் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் புத்தம் புதிதாக, ரப்பர் வாசனையோடு படுத்திருக்கிறது.

“மாத்திடலாமா சார்?” என்றேன்.

“மாத்திட்டு?”

“ஆபீசுக்குப் போலாம்.”

“போற வழியில இன்னொரு டயரும் பஞ்சரானா? அப்ப கையில ஸ்டெப்னி இருக்காதே.”

காரைப் பூட்டிவிட்டு டாக்ஸி பிடித்து அலுவலகம் போனோம். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. இந்த இனத்தோடு வாதாடி ஜெயித்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. நான் அங்கே இயக்குநர்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறவன். பதினாறு வருடமாக எழுதுகிறேன். பேசுவது என் வேலையில் சேராது. பங்குகள் மூன்று பேரிடம் இருக்கின்றன, ஆளுக்கு மூன்றில் ஒன்று: அண்ணன், தங்கை, சித்தப்பா. அண்ணன்தான் முதலாளி. தங்கை கூட்டங்களுக்கு வந்து கேள்வி கேட்பார். சித்தப்பா கூட்டங்களுக்கு வந்து தூங்குவார். நிதி முழுவதும் கையிருப்பாளர் கையில். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு சார். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட.

வருடக் கடைசியில் லாபம் வரும். மற்ற ஊழியர்களுக்கு அது சந்தோஷமான செய்தி, பூட்டு சாருக்கு அது ஒரு அபாய மணி. வெளியே கிடக்கும் லாபத்தை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் அல்லவா? ஆகவே யாரும் கேட்பதற்குள் அதைப் பிரித்து, பொதுக் கையிருப்பு, இயந்திர மாற்றுக் கையிருப்பு, தீ விபத்துக் கையிருப்பு, வெள்ளக் கையிருப்பு (எங்கள் தொழிற்சாலை மேட்டில் இருக்கிறது), வாடிக்கையாளர் இழப்புக் கையிருப்பு, பணியாளர் நலக் கையிருப்பு, எதிர்பாராத செலவுக் கையிருப்பு, எதிர்பாராத செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகிவிட்டால் அதற்கான துணைக் கையிருப்பு என்று பெயர் சூட்டி, பெயருக்கு ஒரு ஃபைல் போட்டு, ஃபைலுக்கு ஒரு நாடா கட்டி, பீரோவில் அடுக்கிவிடுவார். பிறகுதான் மூச்சு விடுவார்.

பல கம்பெனிகளில் கையிருப்பு என்பது காகிதத்தில் உள்ள எண்தான். பணமாகக் கேட்டால் குடோனையும் லாரியையும் காட்டுவார்கள். பூட்டு சார் அப்படிப்பட்டவர் அல்ல. ஒவ்வொரு கையிருப்புக்கும் ஈடாக வங்கியில் நிஜமான டெபாசிட் இருக்கும். ஒரு வங்கி முழுகிவிட்டால் என்று மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டிருந்தார். மூன்றும் ஒரே நேரத்தில் முழுகிவிட்டால் என்று ஒருமுறை கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அன்று அவர் மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடவில்லை. ஏன்தான் கேட்டோம் என்று எனக்கே பாவமாக இருந்தது.

இவ்வளவு பத்திரமாக வைத்தும் அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. கையிருப்பில் இருக்கும் பணத்தைப் பங்குதாரர்கள் என்றைக்காவது ஈவுத்தொகையாகக் கேட்டுவிடலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. தங்கை மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டும் விட்டார். மகனுடைய படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. “இந்த வருஷமாவது டிவிடெண்ட் குடுங்க” என்றார். பூட்டு சார் மறுக்கவில்லை. பணமாகக் கொடுப்பதற்குப் பதில் போனஸ் பங்கு கொடுக்கலாம் என்று பணிவோடு யோசனை சொன்னார். கையிருப்பிலிருந்து ஒரு பெரிய தொகையை எடுத்துப் பங்கு மூலதனத்தில் சேர்த்துவிடுவது, அதற்கு ஈடாக இரண்டு பங்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு பங்கு இலவசம். கையிருப்பைக் கேட்கலாம். மூலதனமாகிவிட்டதைக் கேட்டு வாங்க யாராலும் ஆகாது. பூட்டின்மேல் இன்னொரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு குறைந்ததற்காக அவர் பட்ட வருத்தமும் அந்த வருடத்தோடு முடிந்தது, அடுத்த லாபத்தில் அதை ஈடுகட்டிவிட்டார்.

தங்கை கையில் பங்குச் சான்றிதழ் வந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“சார், முன்னாடி இந்தக் கம்பெனியில எனக்கு எவ்வளவு இருந்துச்சு?”

“மூணுல ஒண்ணும்மா.”

“இப்ப?”

“மூணுல ஒண்ணும்மா. ஆனா பங்கோட எண்ணிக்கை கூடியிருக்கு.”

“இதைக் காலேஜ்ல குடுத்தா ஃபீஸா எடுத்துப்பாங்களா?”

பூட்டு சார் அடுத்த ஃபைலின் நாடாவை அவிழ்த்தார். மகனுடைய ஃபீசுக்குத் தங்கை தன் நகையை விற்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கூட்டக் குறிப்பில் நான் எழுதியது இதுதான்: ‘பங்குதாரர்களுக்கு ஒன்றரை மடங்கு பங்கு கிடைத்ததில் அனைவரும் மகிழ்ச்சி தெரிவித்தனர்.’

இனி அவருடைய ஆபத்துப் பட்டியலுக்கு வருவோம். நீங்கள் குடும்பப் புகைப்படங்களை வைத்துக்கொள்வதுபோல அவர் அதை வைத்திருந்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, யார் பொறுப்பு என்று மூன்று கட்டங்கள். வெளிநாட்டிலிருந்து காகிதச் சுருள் வாங்குகிறோம். அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறினால் எங்களுக்கு நஷ்டம் என்று வங்கியோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிடுவார். இறங்கினால், அநியாயத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டோமே என்று அதற்கு ஒரு கையிருப்பு. ஏறாமலும் இறங்காமலும் அப்படியே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலாளி ஒருமுறை கேட்டார். “அதுதான் சார் எனக்குப் பயமே, எதுக்கு அப்படி அமைதியா இருக்கு?” என்றார். கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் பணம் வராமல் போகலாம் என்பதால், பணம் நிச்சயம் தருவேன் என்று நிரூபித்த வாடிக்கையாளருக்கே கடன். நிரூபிக்க ஒரே வழி, முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டிவிடுவது. பணப்புழக்க ஆபத்து என்று ஒன்று உண்டு. தேவைப்படும் நேரத்தில் கையில் பணம் இல்லாமல் போவதைத்தான் உலகம் அப்படிச் சொல்கிறது. பூட்டு சார் அகராதியில் அது பணம் புழங்கிவிடும் ஆபத்து.

இவ்வளவும் செய்ய அவரை ஏன் விட்டார்கள் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. பதினொரு வருடத்துக்கு முன்னால் சந்தை படுத்துவிட்டது. எங்களைப் போன்ற நான்கு கம்பெனிகள் ஒரே வருடத்தில் மூடிவிட்டன. எங்களுடையது மட்டும் நின்றது. பூட்டு சாருடைய கையிருப்பு இல்லாவிட்டால் நாமும் போயிருப்போம் என்று முதலாளி இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார். உண்மைதான். கையிருப்பு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த வருடத்தைத் தள்ளினோம். ஆனால் கையிருப்பில் கைவைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஒன்பது மாதம் பாதிச் சம்பளம் வாங்கினோம். கையிருப்பு அந்த வருடமும் வட்டியோடு வளர்ந்தது. ஒரே ஒருமுறை ஒருவர் சொன்னது பலித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

இப்படியிருக்கும்போதுதான் மெஷின் நின்றது.

அட்டையில் நெளி போடும் பெரிய மெஷின். எங்கள் தொழிற்சாலையில் எல்லாமே அதிலிருந்துதான் ஆரம்பம். அதன் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஃபோர்மேன் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டு சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பாவம். போட்டுக்கொண்டார். ஆபத்துப் பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்ணாக எழுதி, நடக்கும் வாய்ப்பு ‘அதிகம்’, பாதிப்பு ‘மிக அதிகம்’ என்று சிவப்பு மையில் குறித்து, அதற்கென்றே இயந்திர மாற்றுக் கையிருப்பும் ஆரம்பித்து, வருடா வருடம் தவறாமல் பணம் போட்டு வந்தார். ரோலர் மட்டும்தான் வாங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரோலர் கடைசியாக ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் பெரிய பிஸ்கட் கம்பெனிக்குப் பெட்டிகள் அனுப்ப வேண்டும். அவர்கள்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். எங்கள் இரண்டாவது ஷிப்ட் நடப்பதே அவர்களுக்காகத்தான். இருபத்தாறு பேர், பெரும்பாலும் பெண்கள். பிஸ்கட் கம்பெனி போனால் இரண்டாவது ஷிப்ட் போகும். இது எல்லாருக்கும் தெரியும். அவசரக் கூட்டம் மதியம் இரண்டு மணிக்குக் கூடியது. ஃபோர்மேன் கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார். சட்டைப்பையில் ரோலருக்கான விலைப்பட்டியல் இருந்தது. மூன்று வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து வாங்கி வைத்திருந்தார், பாவம்.

“எவ்வளவு நாளாகும்?” என்றார் முதலாளி.

“ஆறு நாள் சார். இன்னிக்கு முழுப் பணம் கட்டினா நாளைக்கே வண்டியில ஏத்திடுவாங்க. நாலு நாள்ல வந்துடும், மாட்ட ரெண்டு நாள். ரெண்டு ஷிப்டும் ஓட்டினா மிச்ச நாள்ல பிஸ்கட்காரங்களுக்குக் குடுத்துடலாம்.”

“அப்ப கட்டிடலாமே.” முதலாளி பூட்டு சாரைப் பார்த்தார்.

“கட்டலாம் சார். எதுலேருந்து கட்டறது?”

தங்கை நிமிர்ந்தார். “இதுக்குன்னே ஒரு ரிசர்வ் இருக்கே. மெஷின் மாத்தறதுக்குன்னு வருஷா வருஷம் நீங்கதானே படிச்சுக் காட்டறீங்க?”

“இருக்கும்மா.”

“அந்தப் பணம் போதுமா?”

“ஒண்ணரை மடங்கு இருக்கும்மா.”

“அப்புறம் என்ன?”

“எடுத்துட்டா ரிசர்வ் குறைஞ்சிடுமேம்மா.”

“அதுக்குத்தானே வெச்சிருக்கோம்?”

பூட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை. குழந்தைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு பேசினார். “ஆபத்துக்குன்னு வெச்சதை இந்த ஆபத்துல எடுத்துட்டோம்னு வைங்க. நாளைக்கே இன்னொரு ஆபத்து வருது. அப்ப யார்கிட்ட போய் நிக்கறது?”

சித்தப்பா கண்ணைத் திறந்தார். “அவர் சொல்றதும் சரிதானே” என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

“சார், மெஷின் ஓடலைன்னா அடுத்த ஆபத்து வர்ற வரைக்கும் கம்பெனி இருக்குமான்னு பாருங்க” என்றார் ஃபோர்மேன்.

“நீங்க உணர்ச்சிவசப்படறீங்க ஃபோர்மேன். நான் ரோலர் வேணாம்னு சொல்லவே இல்லையே. டெபாசிட்டை அப்படியே வெச்சுட்டு, அதை அடமானம் காட்டிக் கடன் வாங்கலாம். ரிசர்வும் குறையாது, ரோலரும் வந்துடும்.”

“வட்டி?” என்றார் தங்கை.

“டெபாசிட்டுக்கு அவங்க நமக்குத் தர்றதைவிட ரெண்டு சதவீதம் கூட.”

“நம்ம பணத்தை நாமளே கடனா வாங்கி, அதுக்கு நாமளே வட்டி கட்டணுமா?”

“ரெண்டே சதவீதம்தாம்மா. நிம்மதிக்கு அது ஒரு விலையா?”

முதலாளி பதினொரு வருடத்துக்கு முந்தைய சந்தையை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மெல்லத் தலையை ஆட்டினார். தங்கை பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக நான் எழுதினேன்.

இதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்போம். வங்கி மேலாளர் பூட்டு சாரைக் கண்டதும் எழுந்து நின்று, “உங்க பணம்தானே சார், ஒரு மணி நேரத்துல கடன் குடுத்துடறேன்” என்றார். அங்கேதான் காரியம் கெட்டது. ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற எதையும் கையிருப்பாளர் நம்பமாட்டார். இவ்வளவு அவசரமாகத் தருகிறார்கள் என்றால் வட்டியில் ஏதோ இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். டெபாசிட் மூன்று வங்கிகளில் இருந்ததால் மூன்றிலும் வட்டி விசாரித்தார். மாறாத வட்டியா, மாறும் வட்டியா என்று பதினாறு பத்திகளில் ஒரு அட்டவணை தயாரித்தார். நான்காம் நாள் இரண்டாவது வங்கி என்று முடிவானது. தீர்மானத்தில் முதல் வங்கியின் பெயர் இருந்ததால் மறுபடி கூட்டம், மறுபடி தீர்மானம். ஏழாம் நாள் மூன்றாவது வங்கி கால் சதவீதம் குறைத்துக்கொண்டது. மறுபடி கூட்டம். மூன்று தீர்மானங்களையும் தட்டச்சு செய்தது நான்தான். ஒன்றிலாவது கையை நிறுத்திவிட்டு, ‘சார், நாள் போகுது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாதது இன்னமும் உறுத்துகிறது.

இதற்கு நடுவில் ஐந்தாம் நாள், இரண்டாவது ஷிப்டின் தலைவி மாடிக்கு ஏறி வந்தார். எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவோம். மடித்து ஒட்டும் பிரிவில் அவர் கை ஓடும் வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கண் வலிக்கும். ஒரே அறையில் பன்னிரண்டு வருடம் மாமியார், கொழுந்தன் குடும்பத்தோடு இருந்துவிட்டு, அந்த மாதம்தான் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். ஷிப்ட் நின்றால் வீடும் இல்லை, முன்பணமும் திரும்பாது. பூட்டு சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

“இருபத்தாறு பேரும் கேக்கறாங்க சார். மெஷின் எப்ப வரும்?”

“வந்துடும்மா. வட்டி பேசிக்கிட்டிருக்கோம்.”

“பிஸ்கட்காரங்க காத்திருப்பாங்களா சார்?”

பூட்டு சார் ஆபத்துப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தார். முப்பத்துநாலாம் எண்ணில் விரலை வைத்தார். “பாருங்க. ‘பெரிய வாடிக்கையாளரை இழத்தல்.’ இதை நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன். இதுக்கும் தனியா பணம் இருக்கு. நீங்க கவலைப்படாம போங்க.”

அக்கா டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஒன்பதாம் நாள் கடன் கைக்கு வந்தது. கால் சதவீதம் மிச்சம். பூட்டு சார் எனக்கு ஒரு இனிப்பு கொடுத்தார். பத்தாம் நாள் பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி நேரில் வந்து, மூடியைக் கழற்றிப் போட்டிருந்த மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, காரில் ஏறிப் போனார். பதினோராம் நாள் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பதினைந்தாம் நாள் புது ரோலர் மாட்டி மெஷின் ஓடியது. ஃபோர்மேன் அதன் பக்கத்தில் நின்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் அருமையாக ஓடியது. முதல் ஷிப்டில் மட்டும்.

இரண்டாவது ஷிப்டுக்குக் கணக்கு முடிக்கிற நாளில் அக்கா மறுபடி வந்தார். அன்றும் பூட்டு சார் எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். எங்களுக்கு வேலை போச்சுன்னா அதுக்குன்னு ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?”

“வைக்காம இருப்பேனாம்மா? பணியாளர் நலனுக்குன்னு எட்டு வருஷமா வெச்சுக்கிட்டு வரேன்.”

“அதுலேருந்து குடுப்பீங்களா?”

“சட்டப்படி உங்களுக்கு வரவேண்டியதை மாசச் சம்பளக் கணக்குலேருந்தே குடுத்துடறோம்மா. ஒரு காசு குறையாது. அந்த ரிசர்வ் வேற. கம்பெனியில எல்லாருக்கும் ஒரேயடியா வேலை போகுது பாருங்க, அந்த மாதிரி நேரத்துக்கு.”

“அப்ப மெஷினுக்கு வெச்ச பணம்?”

“அப்படியே இருக்கும்மா.”

“பிஸ்கட்காரங்க போனா எடுக்கறதுக்குன்னு காட்டினீங்களே, அது?”

“அதுவும் பத்திரமா இருக்கும்மா.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு அது நிஜமாகவே ஆறுதல். அக்கா கையெழுத்துப் போட்டார், கவரை வாங்கிக்கொண்டார், என் மேசைப் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நின்றார். நான் குனிந்து காகிதங்களை அடுக்குகிற மாதிரி பாவனை செய்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? கொடுத்த முன்பணம் போய், அவர் அந்த ஒற்றை அறைக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு ஃபோர்மேன் சொன்னார்.

வருடக் கடைசியில் ஆண்டறிக்கை வந்தது. விற்பனை குறைந்திருந்தது, ஆட்கள் குறைந்திருந்தார்கள், கையிருப்பு மட்டும் கூடியிருந்தது. ஆடிட்டர் கைகுலுக்கிப் பாராட்டினார். ‘நிறுவனம் தன் நிதி ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து திறம்பட நிர்வகித்தது’ என்று ஒரு வாக்கியம் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பாதி சத்தியமான உண்மை. நடந்த ஒவ்வொன்றும் அவர் பட்டியலில் எண் போட்டு இருந்தது.

சிரித்தீர்களா? சிரியுங்கள், ஆனால் அடக்கமாகச் சிரியுங்கள். உங்களுக்குக் கம்பெனி இல்லை, பங்கு மூலதனம் இல்லை, ஆபத்துப் பட்டியல் இல்லை என்பதெல்லாம் தெரியும். எனக்கும் இல்லை. ஒரே ஒரு டெபாசிட் இருந்தது, மருத்துவச் செலவுக்கு என்று போட்டது. போன வருடம் மருத்துவர் என் மனைவியின் முழங்காலைப் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். டெபாசிட் முதிர்வதற்கு ஐந்து மாதம் இருந்தது. நடுவில் எடுத்தால் வட்டியில் பிடித்துக்கொள்வார்கள். “அஞ்சு மாசம்தானே, சமாளிச்சுடலாமா?” என்று கேட்டேன். “பரவால்லைங்க, அப்புறமே பாத்துக்கலாம்” என்றாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஐந்து மாதமும் அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். வட்டி முழுவதும் கிடைத்தது. அதை வேறொரு டெபாசிட்டில் போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் “பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று உங்களிடம் சொன்னார்களா? அவசரமில்லை, நன்றாக யோசித்துப் பாருங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் சந்தோஷம். சொல்லியிருந்து, நீங்களும் சரி என்றிருந்தால், ஒரு தகவல்: பூட்டு சார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறோம். விண்ணப்பத்தை என்னிடமே கொடுக்கலாம். முதல் விண்ணப்பம் என்னுடையது, உங்களுடையதை அதற்கு அடியில் வைக்கிறேன்.